தேயிலைப் பெட்டிக்காரரும் இரண்டு தட்டும்

அகஸ்ரின் அண்ணை ஒருகாலத்தில் லண்டனில் பாட்டுக்குழு ஒன்றில் இருந்தவர் என்றால் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. ரெக்ஸ்டேலில் நான் பொதி ஏற்றுகிற தொழிற்சாலையின் வாசலில் அவர் காவலாளி. என் காரில்தான் வேலைக்கு வருவார். வழி முழுக்க வாய் திறக்கமாட்டார், விரல் மட்டும் டாஷ்போர்டில் தாளம் போடும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

1996 மார்ச்சில் ஒரு காலை, காரில் வானொலி பழைய ஆங்கிலப் பாட்டொன்றைப் போட்டது. பாட்டு முடிந்ததும் வானொலிக்குள்ளேயே மரத்தில் இரண்டு தட்டு கேட்டது. அண்ணை என் கையை எட்டிப் பிடித்தார். கார் பக்கத்து லேனுக்குள் போய் வந்தது.

"என்னண்ணை, சாகப் பாத்தம்!"

"உது அம்மான்ரை தட்டு, தம்பி."

விடியற்பூசைக்கு எழுப்ப, அவர் அறைக்கதவில் அம்மா இரண்டே தட்டுத்தான் தட்டுவாவாம். மூன்றாவது தட்டு கிடையாது.

அன்றைக்குத்தான் முழுக்கதையும் சொன்னார். பொறியியல் படிக்க லண்டன் போனவர், படிப்பை விட்டுவிட்டு ஸ்கிஃபிளில் விழுந்திருக்கிறார். காசில்லாத பெடியங்களின் இசை அது. ஒரு கிட்டார், உடுப்புத் தோய்க்கிற பலகை, கவிழ்த்த தேயிலைப் பெட்டியில் துடைப்பத் தடியை நட்டுக் கயிறு கட்டினால் அடித்தாளம். குழுத்தலைவன் ரெறி ஹொலிஸ், 'உன் ஊர்ப் பெட்டிதானே, நீயே வாசி' என்று அதை இவர் தலையில் கட்டிவிட்டான். இந்த ரெறியைக் கேட்டுத்தான் கிட்டார் தூக்கினோம் என்று பின்னாளில் எத்தனையோ பேர் சொன்னார்களாம்.

1957 நவம்பரில் முதல் இசைத்தட்டு பதிய மூன்று நாள் இருக்கையில் தந்தி வந்தது: அம்மாவுக்குக் கடுமை, உடனே வரவும். எங்கள் ஆட்கள் தந்தியில் சாவை அடிக்கமாட்டார்கள், கடுமை என்றுதான் அடிப்பார்கள். வாங்குகிறவனுக்கு விளங்கும். அண்ணைக்கும் விளங்கியது, விளங்காத மாதிரி மறுநாளே கப்பல் ஏறினார். யாழ்ப்பாணம் போய்ச்சேர மூன்று கிழமை. அம்மாவை அடக்கம் செய்து அவ்வளவு நாளாகியிருந்தது. இசைத்தட்டைக் கேட்க அதற்குப் பிறகு அவருக்கு மனம் வரவில்லை.

இப்போது என் காரில் அதைக் கேட்டுவிட்டார். தட்டியது யார் என்று தெரியாமல் மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஒக்ரோபரில் ரெறி ரொறன்ரோ வந்தான். குவீன் வீதி மதுச்சாலை ஒன்றில் சனிக்கிழமை மத்தியானக் கச்சேரி. நான்தான் கூட்டிப்போனேன். நரைத்த ரெறி அண்ணையைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். அண்ணை குசலம்கூட விசாரிக்காமல் கேட்டார்: "அந்தப் பாட்டின் முடிவில் தட்டியது யார்?"

ரெறியின் சிரிப்பு நின்றுவிட்டது.

இசைத்தட்டு பதிந்த அன்று, பாட்டு முடிகிற நேரம் யாரோ பதிவறைக் கதவைத் தட்டினார்களாம். கோபத்தோடு போய்த் திறந்தால், வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா, வெறுங்காலோடு. வெளியே மழை கொட்டுகிறது, சேலையில் ஒரு பொட்டு ஈரமில்லை. அவ பேசியதில் ரெறிக்கு 'அகஸ்ரின்' மட்டும்தான் விளங்கியது. 'வீட்டுக்குப் போய்விட்டான்' என்று சொன்னானாம். அவ தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே நடந்தாவாம். திரும்பப் பதிய நேரமில்லாததால் தட்டுச் சத்தத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஹைவேயில் கண்ணை வைத்தபடி ஏதோ ஆறுதல் சொல்லவேண்டும்போல இருந்தது.

"அம்மா உங்களைத் தேடி அவ்வளவு தூரம் வந்திருக்கிறா, அண்ணை. சந்தோசப்படுங்கோ."

அவர் விரல் தாளம் போடவில்லை.

"வீட்டை போயிட்டான் எண்டு ரெறி சொன்னவன். அவ வீட்டையும் வந்தவ, தம்பி."

"என்ன சொல்லுறியள்?"

"நான் போய்ச் சேந்து முதல் விடிய, என்ரை அறைக்கதவிலை ரெண்டு தட்டு. செத்த ஆளெண்டு பயந்துபோய், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தன்."

"பிறகு?"

"பிறகு தட்டேல்லை. லண்டன் வரைக்கும் வந்து தேடின மனுசிக்கு நான் கதவு திறக்கேல்லை."