நல்ல தண்ணீர் கேட்ட எஞ்சின்

சூடேறிய விளக்கெண்ணெயும் சிரட்டைக் கரியின் புகையும் கலந்தால் ஒரு நாற்றம் எழும். சமையலறையிலும் கோயிலிலும் இல்லாத அந்த நாற்றம் எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் என் தலைமுடியிலும் பாவாடையிலும் குடியிருந்தது. தூத்துக்குடியில் எங்கள் அப்பா உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் ‘கிட்டங்கி’க்குப் பின்னால், சாக்குக் குவியலுக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில், என் அக்கா செல்வக்கனியும் நானும் ஒரு நீராவி எஞ்சின் கட்டிக்கொண்டிருந்தோம்.

அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் அக்காவுக்குப் பொறுக்காது. ரயில் என்ற ஒன்று பிறந்த காலத்து எஞ்சினின் மாதிரி அது: பீப்பாய் போன்ற பாய்லர், நெட்டையான புகைபோக்கி, முன்னால் பெரிதும் பின்னால் சிறிதுமாக மரச் சக்கரங்கள். நீளம் ஒரு கட்டிலளவு. புகைபோக்கியின் நுனி என் தோளுக்கு வரும். பள்ளி நூலகப் புத்தகத்தில் கண்ட படத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி, கிட்டங்கியின் பின்சுவரில் கரியால் வரைந்து வைத்திருந்தாள் அக்கா. எஸ்.எஸ்.எல்.சி. நன்றாகத் தேறியும் மேலே படிக்க அனுப்பப்படாமல் வீட்டில் நிறுத்தப்பட்டவள் அவள். நான் எட்டாம் வகுப்பு. கணக்கும் வரைபடமும் அவள் பொறுப்பு. அளவெடுப்பது, அரம் போடுவது, பிஸ்டனுக்கு எண்ணெய்க் கயிறு சுற்றுவது என் பொறுப்பு. ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்க்காமல் எதையும் முடுக்கியதில்லை.

பாய்லராக ஆனது, உடைக்கப்பட்ட ஒரு பழைய கப்பலின் தீயணைப்புக் குடுவை; கனத்த செம்பு. பழைய இரும்புக் கடை அண்ணாச்சியிடம் வாங்கியது. அதனுள்ளே தீ செல்லும் குழாயைப் பாத்திரப் பட்டறையில் பற்றவைத்தார்கள். பித்தளைக் கைப்பம்புகள் இரண்டை லேத் பட்டறையில் கடைந்து சிலிண்டர்களாக்கினோம். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் மூடிக்கு, அப்பாவின் தராசிலிருந்து ஓர் எடைக்கல்லை எடுத்துத் தொங்கவிட்டோம். கிணற்றடியிலிருந்து கிட்டங்கி வாசல் வரை மரக்கட்டைகளின் மேல் இரும்புப் பட்டைகளைப் பதித்துத் தண்டவாளமும் போட்டாயிற்று.

அப்பா தடுக்கவில்லை. “ரெண்டு மாசத்துல சலிச்சிரும்” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். சலிக்கவில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கவலை வந்துவிட்டது.

தண்டவாளத்தில் விடுவதற்கு முந்திய வாரம் எஞ்சினை நிறுத்திவைத்தபடியே பலமுறை நீராவி ஏற்றிப் பார்த்தோம். தண்ணீர் குறையக் குறையக் கிணற்றிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் கூடினார்கள். சித்தப்பா சலவைச் சட்டையில் வந்து புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“ஏளா, திருச்செந்தூருக்கு எனக்கு ஒரு டிக்கெட் போடு. சன்னல் ஓரமாப் பாத்துக் குடு.”

அக்கா நீராவியை விடும் கைப்பிடியைத் திறந்தாள். எஞ்சின் ஒரு முழம் நகர்ந்தது, இருமியது, புகைபோக்கி வழியாக வெந்நீரும் நுரையுமாக அவர் சட்டைமேல் கக்கிவிட்டு நின்றுபோனது. பிறகு அசையவேயில்லை. வெயிலில் சட்டை உலர உலர, அதில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் பூத்தன. சித்தப்பா ஒரு திட்டைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“அண்ணே, இனிமே அளத்துக்கு ஆளே வேண்டாம். ஒம்ம மவ எஞ்சினு உப்பு வெளைய வைக்கி!”

கிட்டங்கியே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“வார ஞாயித்துக்கெழம இரும்புக் கடை அண்ணாச்சி வண்டியோட வருவாரு. அதுக்குள்ள ஓடுனா இங்கன கெடக்கட்டும். ஓடலேன்னா எடைக்குப் போயிரும். பொறவு சுவத்துல கோடு போடுத சோலியும் கெடையாது.”

“ஓடும்ப்பா” என்றாள் அக்கா.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றினோம். நீராவி சிலிண்டருக்குள் போகும் வழியெல்லாம் வெள்ளைப் பாறையாக அடைத்துக்கிடந்தது. சித்தப்பாவின் கேலி வெறும் கேலியல்ல, உண்மை. தூத்துக்குடியில் எங்கள் தெருக் கிணறுகள் எல்லாமே உவர்க் கிணறுகள். அந்தத் தண்ணீரில் குளித்துத் துவைத்து வாய் கொப்பளித்து வளர்ந்த எங்கள் நாக்குக்கு அது உப்பாகவே படவில்லை. அதோடு, வற்ற வற்ற மேலும் ஊற்றுவது எங்கள் கைக்கு வழக்கமான வேலை. உப்பளத்துப் பாத்திகளில் அதைத்தானே செய்வார்கள். உப்பு வியாபாரியின் மகள்கள் இருவரும் ஒரு வாரமாகப் பாய்லருக்குள் பாத்தி கட்டியிருக்கிறோம்.

சுரண்டிச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் மீண்டும் ஊற்ற எங்களுக்கு ‘நல்ல தண்ணி’ வேண்டும். அந்தக் கோடையில் அது ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக்குழாயில் நூலாக வந்தது. விடியுமுன் குடத்தை வரிசையில் வைத்துச் சண்டைபோட்டுப் பிடிக்க வேண்டும். குடிக்கவும் உலை வைக்கவும் தவிர வேறெதற்கும் அதை அம்மா தொடவிடமாட்டாள். அக்கா ஒரு செம்பு மொண்டதைப் பார்த்ததும் அடுக்களையே அதிர்ந்தது.

“குடிக்கத் தண்ணியில்லாம ஊரே அலையுது, ஒனக்கு எஞ்சினுக்கு நல்ல தண்ணியா? நாலு பேரு கேட்டாச் சிரிக்க மாட்டாவளா?”

“அதான் சிரிச்சாச்சேம்மா, இன்னும் என்ன?”

“வாயப் பாரு!”

“எம் பங்கத்தான எடுக்கேன். நான் குடிச்சா என்ன, எஞ்சின் குடிச்சா என்ன? இந்த வாரம் எனக்குக் கெணத்துத் தண்ணி போதும்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “எனக்கும்” என்றேன்.

அந்த வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் உவர்நீரைக் குடித்தோம். வயிறு கலங்கியது, வாய் காய்ந்தது. அம்மா எங்களோடு பேசவில்லை. ஆனால் எங்கள் பங்கை அளந்து வைக்கும்போது செம்பின் விளிம்பு வழியும்வரை ஊற்றினாள். அதை வாங்கி ஒரு சொட்டுச் சிந்தாமல் மண்பானையில் சேர்த்து, தூசி விழாதபடி துணி கட்டி வைத்தோம்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கைவண்டியோடு வந்தார். எஞ்சினை ஒருமுறை சுற்றிவந்து பாய்லரைத் தட்டிப்பார்த்தார்.

“நல்ல கனம், தாயி. தூக்க இன்னொரு ஆளு வேணும்.”

“ஆளத் தேடாதிய அண்ணாச்சி. வண்டிய ஓரமா எடுங்க, அது தண்டவாளத்துல நிக்கி” என்றாள் அக்கா.

கரி கனன்றது. எடைக்கல் மெல்ல உயர்ந்து ‘உஸ்’ என்றது. எஞ்சினுக்குப் பின்னால் சிறு தள்ளுவண்டியொன்றைக் கோத்து, அதில் ஒரு மூட்டை உப்பும் மூட்டைமேல் நானும். அக்கா கைப்பிடியைத் திறந்ததும் சக்கரங்கள் ஒருமுறை வழுக்கிச் சுழன்றன. பிறகு பட்டையைப் பற்றிக்கொண்டன. என் முதுகு பின்னால் சாய்ந்தது. எஞ்சின் என்னை இழுத்துக்கொண்டு போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சி வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி ஒதுங்கினார். வாசல் வரை போய் நின்றோம்.

அப்பா கையைத் தூக்கினார். “சரி, போதும். பாத்தாச்சு.”

“இன்னும் தண்ணி இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு, எஞ்சினைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி ஓட்டினாள் அக்கா. மறுபடியும். பாய்லரின் பக்கத்தில் பொருத்தியிருந்த கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் அடிக்கோட்டைத் தொடும்வரை அவள் யாருக்காகவும் நிறுத்தவில்லை. அண்ணாச்சி வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். அப்பா பாராட்டாக ஒரு சொல் சொன்னதில்லை. சொன்ன சொல்லை மீறியதுமில்லை.

இப்போது அங்கே கிட்டங்கி இல்லை. கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லை. பழைய இரும்புக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எஞ்சின் ஆறுமுகநேரியில் அக்கா வீட்டுக் கொல்லையில், தகரக் கொட்டகைக்குள், அதே பழைய தண்டவாளத்தின் மேல் நிற்கிறது. சென்ற ஆண்டு ஒரு கல்லூரியிலிருந்து இருவர் வந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்க அதைக் கேட்டார்கள். பெயர்ப்பலகை வாசகம்கூடத் தயாராக இருந்தது: செய்தவர் என்று எங்கள் அப்பாவின் பெயர். நான் அதை அடித்துவிட்டு எங்கள் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். வந்தவர்களில் இளையவர் சங்கடமாகச் சிரித்துப் பேச்சை மாற்றினார்.

“ஒரு காலத்துல ஓடியிருக்கும், இல்லம்மா?”

அக்கா என்னிடம் தீப்பெட்டியை எடுத்துவரச் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்து, “தண்டவாளத்த விட்டுத் தள்ளி நில்லுங்க, தம்பி” என்றாள்.