எனக்குக் கிடைக்காத 'ரா'

திருப்பதியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். எல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் தெலுங்கு. தமிழ்ப் பக்கம் என்னுடையது. தெலுங்குப் பக்கம் எதிர்மேஜைக்காரருடையது. அவர் சித்தூர்க்காரர், என் வயதுதான். இத்தனை வருடமும் இருவர் சாப்பாட்டையும் பாதிப் பாதி பங்கு போட்டுத்தான் தின்கிறோம். ஆனாலும் நான் அவருக்கு 'சார்'. எப்போதும் 'மீரு', அதாவது நீங்கள்.

போன வருடம் டிசைன் வேலைக்குத் திருவள்ளூரிலிருந்து ஒருவன் வந்தான். மூன்றாம் நாளே எதிர்மேஜைக்காரர் அவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "ஏரா, தின்னாவா?"

தெலுங்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த 'ரா' நம் 'டா' மாதிரி. திட்டவும் அதுதான், கொஞ்சவும் அதுதான். ஆனால் திட்டுகிறவன் எவனும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டான். அந்தத் திருவள்ளூர்க்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு, "இன்னும் துன்னல நைனா" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான்.

புத்தூருக்குத் திரும்பும் ரயிலில் செல்போனை எடுத்து அந்த ஒற்றை எழுத்தைக் குடைய ஆரம்பித்தேன். எகிப்தில் 'ரா' சூரியன். எங்கோ கிடக்கும் நியூசிலாந்தின் மவோரிகளுக்கும் அதேதான். நமக்கோ அது இரவு, ராக்காவல் என்கிறோமே. சிங்களத்தில் கள். திபெத்தில் ஆடு என்று படித்ததும் அவன் முகம் நினைவுக்கு வந்தது, கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வியட்நாமில் வெளியே போவதைச் சொல்கிற சொல்லாம். நாளைக்கே அவனிடம் வியட்நாம் மொழியில் பேசினால் என்ன என்று தோன்றியது. தெலுங்கிலேயே இரண்டு 'ரா' இருக்கின்றன. ஒன்று 'வா' என்று அழைப்பது. அது நம் 'வர' தலையெழுத்தைத் தொலைத்துவிட்டு நிற்பது, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்கிறார்கள். இன்னொன்று 'ஒரேய்' என்று கூப்பிடும் குரலின் வால். அந்த வால்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதை எந்த அகராதியும் தராது, கேட்டு வாங்கவும் முடியாது.

இந்தத் தை மாதம் எதிர்மேஜைக்காரர் சித்தூரில் வீடு கட்டி முடித்தார். புத்தூரில் என் வீட்டுக்கே மனைவியோடு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், நான் தமிழ்ப் பக்கம் அடித்த பத்திரிகை. "நீங்க ஃபேமிலியோட தப்பகுண்டா, தவறாம வரணும் சார்" என்று இரண்டு கையாலும் நீட்டினார். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கடையில் திருவள்ளூர்க்காரனுக்கும் அழைப்பு வைத்தார். கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "ஆதிவாரம் இண்டிக்கி ரா ரா." ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாடா, அவ்வளவுதான். என் தட்டு, பழம், குங்குமம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அந்த ஒரு வரியை வாங்கிக்கொள்ள நான் தயாராக இருந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவர் ஒரு ப்ரூஃபை என் பக்கம் தள்ளி, "இதி சூடுரா" என்றார். இதைப் பாருடா என்று சிரித்த முகத்தோடுதான் சொன்னார். ஊருக்குப் புதுசு, எனக்கு ரோஷம் மூக்கின் மேல். எழுந்து நின்று, "மரியாதையா பேசுங்க. நான் ஒண்ணும் உங்க வீட்டு ஆளில்ல" என்றேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. "சாரி சார்" என்றார். அன்று பிடித்த 'சார்', இன்று வரை விடவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று எங்களை முன்வரிசையில், ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார்கள். திருவள்ளூர்க்காரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை ஒழுக உள்ளுக்கும் வெளிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். "ஒரேய், சாம்பார் தேரா!" என்று சாம்பார் கொண்டுவரச் சொல்லிப் பந்தியிலிருந்து எதிர்மேஜைக்காரர் கத்தினார். அவன் கையில் ஏற்கெனவே சோற்றுக் கூடை. சாம்பார் வாளி எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து போய் அதைத் தூக்கிவிட்டேன்.

அவர் பதறி ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார்.

"ஐயோ, நீங்க போயி உக்காருங்க சார். இதெல்லாம் வீட்டு ஆளுங்க பாத்துக்குவாங்க."

குத்திக் காட்டவில்லை. அந்த முதல் நாள் அவருக்கு நினைவிருந்ததா என்றுகூடத் தெரியாது. மனசாரத்தான் சொன்னார். நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களா, உங்களுக்கு எவ்ளோ மரியாத!" என்றாள் மனைவி.