நண்டுத் தராசில் தேசம்மா

மடவை மீன் சாப்பிடலாம்.

இந்த வாரப் பத்தி இந்த வரியோடுதான் தொடங்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. போன ஞாயிற்றுக்கிழமை என்னை நேரில் நிற்கவைத்து உத்தரவு போட்டவர் தேசம்மா. பழவேற்காடு ஏரியில் இருக்கும் பசியாவரத்துக்காரர். தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர். ஏன் இப்படி ஓர் உத்தரவு? சொல்கிறேன்... கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் கொழுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டில் இருக்கும் சில வகைக் கொழுப்பு, புற்றுநோய் செல்கள் உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவ உதவக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதை அப்படியே எழுதினால் நானெல்லாம் என்ன பத்தி எழுத்தாளன்? ‘கொழுப்பு — புற்றுநோய் ஏறிப் போகும் படகு!’ என்று முதல் வரியைப் போட்டேன். ‘சில வகை’, ‘சந்தேகம்’, ‘கூடும்’ எல்லாம் கடைசிப் பாராவுக்குப் போய்விட்டன. நிறையப் பேர் பாராட்டினார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு போன். தேசம்மாவின் கணவர் எத்திராஜ். பத்திரிகை ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி என் நம்பரை வாங்கியிருக்கிறார். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது, இன்னும் இரண்டு பாக்கி. நான் எழுதியதை அப்படியே கடைப்பிடிப்பதாகச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

“ஆனா வெயிட்டு குறைஞ்சுகினே போவுது சார். நாப்பத்திமூணு கிலோதான் கீறா. நாப்பத்திரண்டுக்குக் கீழ போனா அடுத்த கீமோவைத் தள்ளி வெப்போம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இன்னும் இன்னா சார் குறைக்கணும்?”

இன்னும் என்ன குறைக்கணும்! மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முன்பு வந்தபோது அவற்றோடு போட்டோ எடுத்துக்கொண்டவன் நான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன்.

வீட்டில் தேசம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கொஞ்சம் சோறு, நாலு அப்பளம், இரண்டு வடை. மீன் வாசனையே இல்லை. பசியாவரத்தில் மீன் வாசனை இல்லாத சமையல்கட்டா? சுவரில் என் பத்தியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். படகு வரியின் மேலேயே பெரிதாக ஓர் எண்ணெய்க் கறை.

கொழுப்பில் எதையெல்லாம் விட்டீர்கள் என்று கேட்டேன். தேசம்மா சளைக்காமல் பட்டியல் போட்டார்.

“மடவை வயித்துல வெள்ளையா இருக்குமே, அது கொழுப்பு. அதனால மடவையே வேணாம்னுட்டேன். நண்டு ஓட்டுக்குள்ள மஞ்சளா இருக்கும், அதுவும் கொழுப்பு. எறா தலையிலயும் கீது. எல்லாத்தையும் வுட்டாச்சு சார். ஒரு மாசமா கவிச்சியே இல்ல.”

அப்போ இந்த வடை? அப்பளம்?

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது எண்ணெய்ல சுட்டது சார்.”

அடுப்பில் சட்டி நிறையப் பாமாயில். பிறந்ததிலிருந்து மீனைக் கீறிப் பார்த்து, கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று கையால் தொட்டுச் சொல்பவர் அவர். கொழுப்பு என்பது அவருக்குக் கண்ணால் பார்க்கிற ஒரு பொருள். மீனுக்குள் இருப்பது. பாக்கெட்டில் வருவது எண்ணெய். அவரை என்ன குறை சொல்வது? அங்கேயே நின்று சுவரில் இருந்த என் பத்தியை முழுவதும் படித்தேன். எண்ணெய் என்ற வார்த்தை ஓர் இடத்தில்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே.

அடுத்த முறை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே டயட் சொல்லும் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தேசம்மாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பாமாயில் மாதிரி எண்ணெய்களில் அதிகம் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பைப் பற்றித்தான் அந்தச் சந்தேகம். அதுவும் பெரும்பாலும் எலிகளில் பார்த்தது. மனிதர்களுக்கு எப்படி என்று இன்னும் தெளிவாகத் தெரியாது. மீனில் இருக்கும் கொழுப்பின் கதையே வேறு என்றார்.

“பரவுமா பரவாதான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா கீமோ நேரத்துல இப்படிப் பட்டினி கிடந்தா உடம்பு தாங்காது. இது எனக்கு நிச்சயமாத் தெரியும். இதை எழுதினீங்களா?”

எழுதவில்லை.

மடவையைக் குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். நன்றாக வெந்த நண்டு, இறால், முட்டை, பருப்பு, வயிறு நிறையச் சோறு. வடை, அப்பளம் எப்போதாவது. இவ்வளவுதான் அவர் சொன்னது. தேசம்மா அதைக் கேட்டுக்கொண்ட முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... புருஷனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். இன்னிக்கு மடவை கிடைக்குமா?

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு போன் வரும். வீட்டில் எடை மெஷின் கிடையாது. ஊரில் நம்பகமான தராசு ஒன்றுதான், நண்டு வியாபாரியுடையது. காலையில் நண்டுக்கூடைகள் இறங்கியதும், தராசைக் கழுவித் துடைத்து தேசம்மாவை ஏற்றுவார்கள். வியாபாரி வாரா வாரம் ஏலம் கூவும் குரலிலேயே கூவுவார். “நாப்பத்திமூணு! நாப்பத்திமூணரை! நாப்பத்திநாலு!” சுற்றி நிற்கும் பெண்கள் சிரிக்கும் சத்தம் போனில் கேட்கும். நான் சென்னையில் காபியை ஆறவிட்டுக் காத்திருப்பேன்.

கீமோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. இரண்டும் முடிந்தன. ஸ்கேன் பார்த்த டாக்டர், இப்போதைக்கு எங்கேயும் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்! குணப்படுத்தியது மருந்து. அந்த மருந்தைத் தாங்கியது மடவைக் குழம்பு தின்ற உடம்பு. இரண்டையும் குழப்பி எழுதி இன்னொரு தப்பு பண்ண நான் தயாராக இல்லை.

போன ஞாயிறு நானும் போயிருந்தேன். டாக்டர் சரி என்ற பிறகு தேசம்மா முதல் முறையாக ஏரியில் இறங்கிய நாள். கழுத்தில் பறி என்கிற பனையோலைக் கூடை, தலையில் அப்போதுதான் முளைத்த குட்டை முடி. ஒரு மணி நேரம்தான் தடவினார். கரையேறியபோது பறிக்குள் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. பறியைக் கழற்றி வைத்துவிட்டு நேராகத் தராசுக்குப் போய் ஏறினார்.

“நாப்பத்தெட்டு!”

ஒரே கைத்தட்டல். எத்திராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் எல்லாரும் சேர்ந்து என்னைத் தராசில் ஏற்றினார்கள். என் எடையையும் ஊருக்கே கேட்கும்படி கூவினார் அந்த வியாபாரி. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

மதியம் மடவைக் குழம்போடு சாப்பிட்டேன். சுவரில் இருந்த பழைய பத்தியைக் காணோம், ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. தேசம்மா அந்த இடத்தைக் காட்டித்தான் உத்தரவு போட்டார்.

“இந்த வாட்டி மடவை துன்னலாம்னு மொதல் வரியிலயே போட்ருங்க சார். எங்க ஊர்ல அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க.”

போட்டுவிட்டேன்.