நேயர்களுக்கு ஓர் அறிவித்தல்

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்தது, ரேடியோவில் அறுந்த கம்பியை ஒட்டியதுதான். நிரோஜினி ஈயம் வைத்துப் பற்றவைத்தாள், அப்பா செல்லமுத்து டோர்ச் பிடித்தார். பதினைந்து வயதில், தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில், துணி காயும் கம்பியை ஏரியலாக்கி அறிவிப்பாளர்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர். யாராவது ஈரத்துணி போட்டால் ரேடியோ இரையும். மீதி நிகழ்ச்சியை அறிவிப்பாளர் குரலில் அவரே நடத்தி முடிப்பார்.

"ரேடியோவ அணைச்சுட்டு நீயே பேசுடா!" என்பார்களாம் லயத்தில்.

அவர் இறந்து ஒரு வாரம். அந்தக் குரல் எங்கும் பதிவாகவில்லையே என்றுதான் நிரோஜினி தவித்தாள். இன்று போனில், கேட்காமல் விட்ட குரல் செய்தி ஒன்று கிடைத்தது.

"அன்பான நேயர்களே, ஒரு முக்கிய அறிவித்தல். ரேடியோவுக்குப் பேட்டரி வாங்க மறந்துட்டேன். நாளைக்குக் கண்டிக்குப் போய் வாங்கிட்டு வந்துடுறேன்மா."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். ரேடியோவில் பேட்டரி போடும் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.