எறும்பு வராத கிண்ணம்

சீனி கருகும் வாசனையில் ஒரு கட்டம் உண்டு. அதில் இனிப்பு முடிந்து கசப்பு தொடங்கும். என் அம்மா அதையும் தாண்டவிட்டுத்தான் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவாள். எங்கள் வீட்டில் அதற்குக் "கருக்குன சீனி" என்று பெயர். மற்றவர்களுக்கான புட்டிங்கில் கெட்டிப்பாலும் முட்டையும் சீனியும் தாராளமாக விழ, என் தங்கை ஸ்டெல்லாவுக்கென்று நீல விளிம்பு போட்ட பீங்கான் கிண்ணத்தில் தனியாக ஒன்று வேகும். ஆடை எடுத்த பால், ஒரு முட்டை, அடியில் பேருக்கு ஒரு பூச்சாகக் கருக்குன சீனி, அவ்வளவுதான். நிறமும் மணமும் நாக்கை ஏமாற்றிவிடும் என்று அம்மா நம்பினாள். எறும்புகள் ஏமாறவில்லை. ஆறவைத்த நீலக் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டுபோய் எங்கள் கிண்ணத்தில்தான் ஏறும்.

ஸ்டெல்லாவின் நோயை முதலில் காட்டிக்கொடுத்தவையும் எறும்புகள்தான். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒட்டிய சந்தில் இருந்த எங்கள் வீட்டுக் குளியலறையில், அவள் சிறுநீர் கழித்த இடத்தில் காலைதோறும் கறுப்பாக மொய்த்தன. டாக்டர் சர்க்கரை வியாதி என்றார், தினமும் ஊசி. அன்றுமுதல் சீனி டப்பா பீரோவுக்குள் போயிற்று. அப்பாவுக்கு வெளியூரில் குமாஸ்தா வேலை. டீச்சரான அம்மா பள்ளிக்கூடம் கிளம்பும்போது சாவியை என் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டு, "எம்புட்டு கெஞ்சினாலும் குடுக்காத. அவளுக்கு அது விஷம்" என்பாள். ஒருமுறை ஸ்டெல்லா வயிற்றுவலி என்று நடித்து என்னிடம் ஒரு கரண்டி வாங்கித் தின்றுவிட்டாள். அடி வாங்கியது நான்.

முழுப்பரீட்சை லீவில் ஒரு நாள். அம்மா விடைத்தாள் திருத்தப் போயிருந்தாள். ஊசி போட்ட பிறகு ஸ்டெல்லா கேழ்வரகுக் கூழைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். குளியலறையில் ஒரு எறும்புகூட இல்லை. நோய் போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். மதியம், தண்ணீர் வற்றிய தெப்பக்குளத்துக்குள் பையன்கள் பந்து விளையாடும் சத்தம் என்னை இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, கை நடுங்குது. கொஞ்சம் சீனி தாண்ணே."

"போன தடவ வயித்துவலி, இப்ப கைநடுக்கமா? நல்லா நடிக்கிறடி."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையதாக இல்லை. அந்த வெயிலிலும் அவள் நெற்றி சில்லென்று நனைந்திருந்தது. என் தோளுக்கு மேல் எதையோ பார்த்தபடி, "ஒனக்குப் பின்னால நிக்கிற அக்காவும் கேக்குறாங்க. அவங்களுக்கும் ஒரு கரண்டி குடு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. பயத்தை மறைக்கக் கத்தினேன். நீலக் கிண்ணத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "இந்தா ஒன் புட்டிங். இதத் தின்னுட்டுப் படு."

"இனிக்கவே இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் தின்றாள், படுத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் குளத்துக்குள் இறங்கினேன்.

சாயங்காலம் அம்மா உலுக்கியும் அவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணி போர்த்தித்தான் கொண்டுவந்தோம். "ஊசியில சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சும்மா. அந்நேரம் ஒரு வாய் சீனி போட்டிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பா" என்று டாக்டர் சொன்னபோது, அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டாளாடா?"

"இல்லம்மா. தூங்கிட்டா."

சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. அம்மா மறுபடி கேட்கவே இல்லை. அந்தப் பொய்யை நம்பியபடியே, பல வருடங்கள் கழித்து அவளும் போய்ச் சேர்ந்தாள்.

சந்தும் வீடும் இப்போது இல்லை. தெப்பக்குளத்தில் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. விளையாட இறங்க இடமில்லை. அதைப் பார்த்தபடி நாலாவது மாடியில் தனியாக இருக்கிறேன். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. அம்மாவின் பக்குவத்தில், சீனியில்லாத அந்தப் புட்டிங்கை நானே செய்துகொள்கிறேன். மயக்கம் வந்தால் வாயில் போட டாக்டர் சொன்னபடி சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சீனியும் வைத்திருக்கிறேன். இந்த டைல்ஸ் தரையில் மற்ற நாட்களில் எறும்பைக் கண்டதில்லை. புட்டிங் செய்கிற மதியங்களில் மட்டும் எங்கிருந்தோ வரிசையாக வருகின்றன. கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஆணியில் தொங்கும் என் சட்டையை நோக்கிச் சுவரில் ஏறுகின்றன. நான் அவற்றைத் தட்டிவிடுவதில்லை. அந்தச் சட்டைக்குப் பின்னால் இருப்பது சுவர்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கரண்டி சீனியைச் சட்டைக்கு அடியில் வைக்கிறேன்.