பெட்ணேகரின் ஒற்றைக் காது

"காலிஃபிளவர் அப்புறம். முதல்ல இதைக் கேளு."

சொல்லிக்கொண்டே இயர்போனின் ஒரு முனையைக் காய்க்காரர் ராம்சுரத்தின் காதில் செருகிவிட்டார் நிஷிகாந்த் பெட்ணேகர். மறுமுனை வழக்கம்போல் அவருடைய இடது காதில். ஒயர் குட்டை. இரண்டு தலைகளும் தக்காளிக் கூடைக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றன. ஓடிக்கொண்டிருந்தது அன்று காலை வந்த ஒரு போஜ்புரிப் பாட்டு.

"எப்படி?"

"பாவூ, இவன் எங்க ஊர்க்காரன் இல்ல. எங்க ஊர்க்காரன் மாதிரி நடிக்கிறான்" என்றார் ராம்சுரத். "கொஞ்சம் நகருங்க, பின்னால வாங்கற ஆளு நிக்குது."

அந்த ஒரு வரி கொஞ்சம் நல்ல உடை உடுத்திக்கொண்டு வெள்ளிக்கிழமைக் கட்டுரையில் வந்துவிடும். காலிஃபிளவர்தான் வீடு வந்து சேராது.

இந்தியாவில் எந்த மொழியில் புதிதாக எந்தப் பாட்டு வந்தாலும் கேட்டு, வாராவாரம் ஓர் இணையப் பத்திரிகையில் விமர்சனம் எழுதுவதுதான் பெட்ணேகரின் பிழைப்பு. பஞ்சாபி ராப், மலையாள மெலடி, அசாமிய ராக், வங்காளத்துப் பக்திப் பாட்டு, எதையும் ஒதுக்குவதில்லை. ஆனால் எதையும் உட்கார்ந்து கேட்கமாட்டார். "உட்கார்ந்தா மூளை கேக்கும். நடந்தா கால் கேக்கும். கால் பொய் சொல்லாது" என்பார். அதனால் மும்பையின் விலே பார்லே ஸ்டேஷனின் நடைமேம்பாலத்தில், ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டத்துக்கு நடுவே, எந்த ரயிலையும் பிடிக்காத ஒரு மனிதர் கிழக்குக்கும் மேற்குக்குமாக நடந்துகொண்டிருப்பதை நீங்கள் எந்த நாளிலும் பார்க்கலாம்.

கால் சலித்தால் அடுத்த பாட்டு. சோற்றிலும் அப்படி, டி.வி.யிலும் அப்படி, பேச்சிலும் அப்படி. எதுவும் முழுதாக முடிவதில்லை.

"அஹோ, ஒரு நாள் என்னையும் பாதியில மாத்திடப் போறீங்க" என்பாள் மனைவி சுலபா.

"உன்னை மாத்தற பட்டன் எங்க இருக்குன்னு இன்னும் கண்டுபிடிக்கலை சுலு."

அவருடைய பாட்டுகளை அவள் கேட்பதில்லை. "உங்க கடைச் சரக்கை என் அடுக்களையில பரப்பாதீங்க" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

தெரியாத மொழிப் பாட்டென்றால், அந்த மொழிக்காரர் யாரையாவது தெருவில் தேடிப் பிடித்துவிடுவார். டயர் கடை சர்தார், மாடி வீட்டு மலையாள நர்ஸ் என்று அவர் மடக்காத ஆளில்லை. எல்லோருக்கும் ஒரு முனைதான். மறுமுனை அவருடைய சொத்து. "ரெண்டையும் குடுத்துட்டா நான் எதைக் கேக்கறது?" என்பார். இரண்டு காதுக்கும் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

சென்ற மாதம் அவர் கேட்காத பக்கம் ஒன்று வெளிப்பட்டது.

தேவாங் பாரிக் என்ற இசையமைப்பாளர், வெளிவரப்போகும் ஒரு சம்பல்புரிப் பாட்டை முன்கூட்டியே கேட்க அனுப்பியிருந்தார். மேற்கு ஒடிசாவின் மொழி. அர்த்தம் கேட்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. மேளம், கிட்டார், நடுநடுவே பொட்டல் காடாய் விரியும் வெறுமை. பெட்ணேகரின் கால் சலிக்கவே இல்லை. "பாட ஆளில்லாத இந்த வெறுமையில் ஒரு பெண்ணின் அழுகை கேட்கிறது. என்ன துணிச்சல்!" என்று எழுதினார். பாட்டு உலகமே அதைப் பகிர்ந்தது. அவரே நாலைந்து முறை எடுத்து வாசித்து மகிழ்ந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாலத்தில் ஒரு பெண்குரல் அவரைத் துரத்தியது.

"சார், நில்லுங்க சார்! எத்தனை தடவைதான் உங்க பின்னாடியே பாலத்தைத் தாண்டறது?"

"நிக்கிற பழக்கம் இல்லை. நடந்துக்கிட்டே சொல்லும்மா."

தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பறையிலிருந்து நேராக வந்திருந்தாள். அடையாள அட்டை கழுத்தில் ஆடியது. பெயர் புஷ்பாஞ்சலி மேஹேர். மூச்சு வாங்கியது.

"வெறுமைன்னு எழுதினீங்களே சார், அது நான் பாடின இடம்."

பெட்ணேகரின் நடை கொஞ்சம் தளர்ந்தது.

"குரல் சேர்க்காத மெட்டைத் தவறுதலா உங்களுக்கு அனுப்பிட்டாங்க. நீங்க ஆஹா ஓஹோன்னு எழுதினீங்க. உடனே தேவாங் சார் கூப்பிட்டார். 'குரல் இல்லாமத்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு புஷ்பா. வெள்ளிக்கிழமை அப்படியே வெளியிடப்போறேன், தப்பா நினைக்காதே'ன்னுட்டார்." அவள் கண் நிறைந்தது. "செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பாத புருஷனைக் கூப்பிடற பாட்டு சார். போனது எங்கப்பா. ஊர்ல எங்கம்மா தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா, வெள்ளிக்கிழமை என் பொண்ணு குரல் பம்பாயிலேர்ந்து வரும்னு."

தன் போனை நீட்டினாள். பெட்ணேகர் அதில் இயர்போனைச் சொருகி, கை பழகிய வாக்கில் ஒரு முனையை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும் சார். ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டார். நடந்தார். மேளம் வந்தது, கிட்டார் வந்தது. பொட்டல் காட்டின் விளிம்பிலிருந்து அவள் குரல் கூப்பிட்டது.

நடுப்பாலத்தில் கால்கள் நின்றுவிட்டன.

விரார் ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் அவர் முதுகில் மோதியது. "அரே காகா, பாலத்தை விலைக்கு வாங்கிட்டீங்களா?" என்று ஒருவன் கத்தினான். அவர் அசையவில்லை.

பத்திரிகை ஆசிரியை ரோஷன் தாருவாலா போனில் சிரித்தாள். அறுபதைத் தாண்டிய பார்சிப் பெண்மணி; அவளுக்கு எல்லோரும் 'டிக்ரா', மகன்தான். "டிக்ரா, பாட்டுன்னு நினைச்சு காலி டப்பாவைப் பாராட்டினேன்னு நீயே எழுதப் போறியா? இனிமே உன் காதை எவன் நம்புவான்? பேசாம இரு. யாருக்குத் தெரியும்?"

அவருக்குத் தெரியும். அன்று மாலை வீட்டுக்குள் ஆரம்பித்த நடை ஓயவில்லை. வாசலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து வாசல்.

"அஹோ, தரை தேயுது. என்னதான் ஆச்சு?"

"எழுதினா என் பேர் போச்சு சுலு."

"எழுதலைன்னா?"

"ஒருத்தி குரல் போச்சு."

சுலபா நாற்காலியை இழுத்து மேஜைக்கு எதிரே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமைவரை காத்திராமல் மறுநாளே வந்தது அவருடைய குறிப்பு. "நான் கொண்டாடிய பாட்டை நான் கேட்கவே இல்லை. அதில் பாடியவளை விட்டுவிட்டு மிச்சத்தை அனுப்பியிருந்தார்கள். அவள் இல்லாததைத் துணிச்சல் என்றேன். இப்போது அவளோடு கேட்டேன். என் கால்கள் நின்றுவிட்டன. அவள் பெயர் புஷ்பாஞ்சலி மேஹேர்."

சிரித்தார்கள். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். 'காலி டப்பா' என்று பட்டம் வைத்துக் கேலிப் படங்கள் பறந்தன. இனி ஒரு பாட்டும் அனுப்பமாட்டேன் என்று தேவாங் பாரிக் போனில் சீறினார். ஆனால், குறிப்பைப் படித்தவர்களெல்லாம் அந்தக் குரல் எங்கே என்று அவரையே குடைந்தெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பாட்டு குரலோடுதான் வெளிவந்தது.

அன்று மாலை ராம்சுரத்தும் விட்டுவைக்கவில்லை. "பாவூ, பைக்குள்ள காலிஃபிளவர் இருக்கா இல்லையான்னு நல்லாப் பார்த்துக்குங்க. இல்லாததைப் பாராட்டிட்டுப் போயிடப் போறீங்க!"

பார்த்துக்கொண்டார். காலிஃபிளவர் வீடு வந்து சேர்ந்தது.

சுலபா பாக்ரி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் அடுக்களைக்குள் நுழைந்ததும் "உங்க கடைச் சரக்கை..." என்று ஆரம்பித்தாள். அவர் தன் இடது காதிலிருந்த முனையைக் கழற்றி அவள் காதில் வைத்தார். தோளில் தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு முனையை எடுத்து அவளுடைய இன்னொரு காதிலும் வைத்தார். புஷ்பாஞ்சலியின் பாட்டை ஓடவிட்டார்.

மாவு அப்பிய கைகள் பாதியில் நின்றன. குக்கர் கூவியது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் காதோடு, கையில் காலிஃபிளவரோடு, பெட்ணேகர் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.