பரீதா ராத்தா சொன்ன இரண்டாம் பாதி

வெள்ளிக்கிழமை காலை கஹ்ஃப் சூராவை ஓதி முடித்துக் குர்ஆனை அலுமாரியில் வைக்கப் போனபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ஜும்ஆவுக்கு நேரமிருக்கையில் அது பேசினால் மௌத்து அறிவித்தலாகத்தான் இருக்கும். "மன்னாரைப் பிறப்பிடமாகக் கொண்ட..." என்று தொடங்கியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. பெயர் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் புத்தளத்து மண்ணில் வாழ்ந்தவரைக் கடைசி அறிவித்தலும் மன்னார் ஆளாகவே அனுப்பிவைத்தது. எங்கள் பரீதா ராத்தாவை அல்லாஹ் அழைத்துக்கொண்டான்.

ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல அவரிடம் பட்டமோ பதவியோ இருக்கவில்லை. மெலிந்து உயர்ந்த மனிசி. பேசும்போது முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். பிள்ளைகள் இல்லை, தங்கை குடும்பத்தோடு இருந்தார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் நாங்களும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்தபோது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ராத்தாவுக்கு இருபத்திரண்டு இருக்கும். அதற்குள் அவர் விதவை. தென்னந்தோட்டத்துக்குள் கிடுகால் மேய்ந்த முகாமில் அவர்களுடைய குடிசை எங்களுடையதற்கு அடுத்தது.

கொஞ்சம் வளர்ந்ததும் நானும் முகாம் பெண்களோடு கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனேன். காலையில் லொறி வரும். பிடுங்கிய சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்து, சுற்றியிருந்து அதன் தாளை அரிந்தெடுப்போம். கண் எரியும். எரிச்சல் தெரியாமலிருக்க ராத்தா எங்களுக்கு ஒரு படம் சொல்வார். கல்யாணம் முடித்த புதிதில் கணவரோடு மன்னார்த் தியேட்டரில் பார்த்த ஒரே படம். காதல் படம். அதன் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் தேடுவீர்கள், ராத்தாவின் படம் கிடைக்காது.

கல்லூரிக்குப் போகும் பெண். பஸ் தரிப்பிடத்தில் அவளுக்காக நிற்கும் ஒருவன். அவனுடைய நடை, அவளுடைய சாரியின் கரை, பாட்டுக்கு நடுவில் வரும் மழை எல்லாவற்றையும் ராத்தா சொல்வார். அவன் துரத்தித் துரத்திக் கடைசியில் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட, அவள் தகப்பன் கதவைத் திறக்கும் இடத்தில் நிறுத்துவார்.

"இதோட இடைவேளை. சோத்தத் தின்னுங்க புள்ளயள்."

நாங்கள் சோற்றுப் பார்சலை அவிழ்ப்போம். ராத்தா மட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு களப்புத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி இருப்பார்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு இரண்டாம் பாதி. அப்போது அவர் குரல் தணிந்துவிடும். தகப்பன் கதவைத் திரும்பச் சாத்துவார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு மகளை அதில் இருத்துவார். "மகள், உனக்கு மனமிரிக்கா? இல்லெண்டா இல்லெண்டு சொல்லு. வாசல்ல நிக்கிறவன நான் பாத்துக்கொள்ளுறன்" என்பார். அவள் "இல்ல வாப்பா" என்பாள். வெளியே நின்றவன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். இரண்டு வருடம் கழித்து வருவான். இந்த முறை துரத்தமாட்டான். தூரத்தில் நின்று, "உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்பான். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்ல, அவன் இறங்குதுறையில் போய்க் காத்திருப்பான். அதோடு படம் முடியும்.

"அவள் என்ன சொன்னா ராத்தா?" என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்போம்.

"அது அவள்ட வாயால வரணும். நமக்கென்ன அவசரம்?"

சினிமாவில் தகப்பனை வாப்பா என்று கூப்பிடுவார்களா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

எதையும் கொப்பியில் குறித்து வைப்பது என் பழக்கம். விட்ட நோன்பையும் பிறகு ஈடாகப் பிடித்துக் கழாச் செய்த நோன்பையும் எழுதும் அதே கொப்பியில் இந்தப் படம் பதினொரு தடவை சொல்லப்பட்டதாகப் பதிந்திருக்கிறேன்.

பதினெட்டு வயதில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வண்ணாத்திவில்லுப் பக்கத்துப் பையன். லொறி நிற்கும் இடத்தில் நாலு மாதம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றவன். பெண் தராவிட்டால் பூச்சிமருந்து குடிப்பானாம் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். இப்படி உயிரை விடுபவன் கிடைப்பானா என்றார்கள். நான் மூலையில் நின்றேன். "வெக்கத்துல பேசாம நிக்கிறா, சம்மதந்தான்" என்று உம்மா சொல்லிவிட்டார். எங்கள் பழக்கத்தில் பெண்ணின் மௌனம் சம்மதம்தானே. அப்போது எனக்கு வெங்காயக் குவியலும் அந்தக் கதிரையும் ஞாபகம் வந்தன.

"வாப்பா, என்னட்டக் கேளுங்க" என்றேன்.

வாப்பா திகைத்துப்போய்க் கேட்டார். நான் இல்லை என்றேன். அந்தப் பையன் மருந்து குடிக்கவில்லை. அடுத்த வருடமே வேறு இடத்தில் கல்யாணம் முடித்து நன்றாகத்தான் இருக்கிறான். இரண்டு வருடம் கழித்து என் கணவரைப் பேசி வந்தபோது வாப்பா தானாகவே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். வாய் திறந்து ஓம், சம்மதம் என்றேன். என் வாழ்க்கை அந்த இரண்டாம் பாதியின் மேல்தான் கட்டப்பட்டது.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள் நான் அந்தப் பிழையைச் செய்தேன். என் மகள் ஸஹ்ரா அந்தப் படத்தைத் தன் போனில் தேடிப் பிடித்து ரீவியில் போடலாம் என்றாள். படம் பார்ப்பதில் எனக்கு இன்றைக்கும் மனது உறுத்தும். ஆனாலும் ராத்தாவுக்கு ஒரு பெருநாள் பரிசாக இருக்கட்டும் என்று நினைத்து, வெங்காயம் அரிந்த பழைய கூட்டத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் வட்டிலப்பத்துக்கு அழைத்தேன்.

"வேணாம் புள்ள. தெரிஞ்ச படந்தானே" என்றார் ராத்தா. நான் விடவில்லை.

முதல் பாதி சிரிப்போடு போனது. "அவன்ட களிசானுக்குள்ள ரெண்டு பேர் போகலாம்!" என்றாள் ஸஹ்ரா. நிறங்கள் வெளிறி, மழை குழாய்த் தண்ணீராகத் தெரிந்தது. ஆனால் ராத்தா சொன்ன நடை, சாரிக் கரை எல்லாம் அப்படியே இருந்தன. பெண்கள் அவரைப் பெருமையாகப் பார்த்தார்கள். இடைவேளை என்று எழுத்து விழுந்ததும் ராத்தா எழும்பினார். நான் கையைப் பிடித்து இருத்தினேன்.

"இனித்தானே நல்ல கட்டம் ராத்தா!"

இரண்டாம் பாதியில் கதிரை வரவில்லை. தகப்பன் மகளை முடியில் பிடித்து இழுத்தார். வாசலில் நின்றவன் தன் கையைக் கத்தியால் கிழித்துக்கொண்டான். பிறகு நடுத்தெருவில் அவளை அறைந்து, பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நீளமாகப் பேசினான். கடைசியில் அவள் அழுதுகொண்டு அவன் காலில் விழுந்தாள்.

பக்கத்து வீட்டுச் சுபைதா மாமி மூக்கை உறிஞ்சினார். "என்னா அன்பு பாருங்க! அந்தக் காலத்துல அன்பெண்டா அப்பிடித்தான்."

"மாமி, இது அன்பில்ல. பொலிசில என்ட்ரி போட வேண்டிய கேஸ்" என்றாள் ஸஹ்ரா.

"என்ட்ரி போட்டா படம் அரை மணித்தியாலத்துல முடிஞ்சிருமே!" என்றார் மாமி.

சிலர் சிரித்தார்கள். பெரியவர்கள், அந்தப் பெண்ணுக்கு முதலிலேயே மனதில் விருப்பம் இருந்ததாம் என்றார்கள். இளம் பெண்கள், இருந்தால் ஏன் அழுதாள் என்றார்கள். வட்டிலப்பத் தட்டுகளை வைத்துக்கொண்டு வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெங்காயக் கூட்டம் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் ராத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்டது நான்தான். எல்லார் முன்னாலும் கேட்டேன். "ராத்தா, இவ்வளவு காலமும் எங்களுக்குப் பொய்யா சொன்னீங்க?"

அவர் முந்தானையை இழுத்துவிட்டார். "அசர் தொழ நேரமாகிட்டு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை.

நோன்பு வருவதற்கு முன் ஒருவருக்கொருவர் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அடுத்து வந்த நோன்புக்கு அந்தச் சாக்கில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டு அவரே தொடங்கினார்.

"நான் அந்தப் படத்துல பாதிதான் புள்ள பாத்த. இடைவேளைக்கு லைட்டப் போட்டாங்க. எங்கட அவரு கடலப் பொட்டலம் வாங்கித் தந்தாரு. 'இவன் இந்தத் துரத்துத் துரத்துறானே, அந்தப் புள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டானா?' எண்டு சொன்னாரு. அதுக்குள்ள ஊரடங்குச் சட்டம் போட்டுட்டாங்க, எல்லாரும் வீட்ட போங்க எண்டு வெளியில விட்டுட்டாங்க. மீதிய அடுத்த கிழம பாப்பம் எண்டாரு."

அடுத்த கிழமை அவர் கணவர் கடலுக்குப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

"அவர் இருந்தா மீதி எப்பிடி இருக்கும் எண்டு விரும்பியிருப்பாரோ, அப்பிடித்தான் சொன்னன். நீங்க கேட்டுக் கேட்டு அதுதான் படம் எண்டு எனக்கே ஆகிட்டு. அண்டைக்கு உன்ட வீட்டுலதான் நானும் மீதிய முதல் முதலாப் பாத்தன்."

கையைப் பிடித்து இருத்தியவள் நான். அழுதேன். ராத்தா அழவில்லை. அவருக்கு வேறு கவலை.

"நீ ஓதுற ஆள். சொல்லு. இது பொய்யா? நாளைக்கு அல்லாஹ்ட்ட என்ன சொல்லுற? படத்தப் பாத்ததே ஒரு பாவம், பாக்காததச் சொன்னது இன்னொண்டா?"

மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். ஒரு சினிமாவைப் பற்றி ஆலிம்சாவிடம் எப்படிக் கேட்பது? வெட்கத்தில் நாட்கள் போயின, நோன்புகளும் போயின. சென்ற மாதம் நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் "கேட்டியா புள்ள?" என்றார்.

"அடுத்த கிழம கேக்கிறன் ராத்தா" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. ராத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவரைக் குளிப்பாட்டிய நால்வரில் நானும் ஒருத்தி. நான் தண்ணீர் ஊற்றினேன்; அவருடைய வலது கையைக் கழுவும்போது, வெங்காயக் கத்தி பிடித்த இடத்தில் தோல் இன்னும் தடித்தே இருந்தது. ஜும்ஆவுக்குப் பிறகு அவரைக் கிடத்திய சந்தூக்கை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றோம். மையவாடிக்கு நாங்கள் போவதில்லை. இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று தொழுகைக்குப் பின் கேட்பார்களாம். நல்லவர் என்று அங்கே நிற்பவர்கள் சாட்சி சொல்வார்களாம். அந்த ஆண்களில் ஒருவருக்கும் அந்த இரண்டாம் பாதி தெரியாது. எனவே என் சாட்சியை இங்கே எழுதுகிறேன்.

ராத்தா, நான் ஆலிம்சாவிடம் கேட்கவில்லை. என்னை மாப்புச் செய்யுங்கள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் சொன்ன ஒரு கதையினால் ஒரு தகப்பன் மகளை இருத்திக் கேட்டார். அந்த மகள் நான். இரண்டு வருடத்துக்கு முன் ஸஹ்ராவுக்கு நிக்காஹ் பேசியபோது, என் கணவரும் கதிரையை இழுத்துப் போட்டு அவளைக் கேட்டார். ரப்பே, என் கொப்பியில் இது இவருடைய நன்மையாகத்தான் பதிந்திருக்கிறது. உன்னுடைய ஏட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கணவர் இடைவேளையோடு எழுந்து வந்தவர், ராத்தா. மீதி அவருக்கு இன்னும் தெரியாது. அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒன்று சேர்க்கும் நாளில் அதை அவருக்குச் சொல்லுங்கள். நாங்கள் ரீவியில் பார்த்ததை அல்ல; வெங்காயத் தோட்டத்தில் எங்களுக்குச் சொன்னதை.